18 மி.மீ. பலகையில் அலமாரி: எந்த ஸ்க்ரூ போடலாம்? கறுப்பு ஸ்க்ரூ தலை முறிகிறது

புதுப்பலகை:

அனைவருக்கும் வணக்கம். சமையலறைக்குக் கீழ்வரிசை அலமாரி, நான்கு பெட்டிகளாகச் செய்துகொண்டிருக்கிறேன். மரவேலை எனக்குத் தொழில் இல்லை, ஓய்வு நாட்களில் மட்டும் கை வைக்கிறேன். பக்கப் பலகை, அடிப் பலகை எல்லாம் 18 மி.மீ. ப்ளைவுட். நடுத்தட்டு மட்டும் இரண்டு பக்கமும் மெலமைன் ஒட்டிய பார்ட்டிகிள் போர்டு (மரச் சில்லுகளை அமுக்கிச் செய்த பலகை), அதுவும் 18 மி.மீ. தான். முதுகுக்கு 6 மி.மீ. ப்ளைவுட். முகப்புச் சட்டம் கடின மரம்.

முதல் பெட்டியைக் கையில் இருந்த கறுப்பு ஸ்க்ரூவை வைத்தே முடுக்கினேன். முன்கூட்டி ஓட்டை எதுவும் போடவில்லை. ட்ரில்லில் பிட்டை மாட்டி நேராக ஏற்றிவிட்டேன். மூன்று தொல்லைகள் வந்தன.

முகப்புச் சட்டத்தில் ஏழு ஸ்க்ரூ ஏற்றியதில் மூன்றின் தலை முறிந்து கையோடு வந்துவிட்டது. உடல் உள்ளேயே நிற்கிறது. ப்ளைவுட்டின் விளிம்பில் இரண்டு இடத்தில் அடுக்கு பிரிந்து வயிறு தள்ளிவிட்டது. மூன்றாவதுதான் எனக்குப் புரியவே இல்லை: பக்கப் பலகைக்கும் அடிப் பலகைக்கும் நடுவில் ஒரு தாள் நுழையும் இடைவெளி. எவ்வளவு முறுக்கினாலும் மூடவில்லை. இன்னும் முறுக்கினால் தலைதான் பலகைக்குள் புதைகிறது.

மீதி மூன்று பெட்டிகளுக்கு எந்த ஸ்க்ரூ, எந்த அளவு, எத்தனை? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மூலைமட்டம்:

நல்ல வேளை, முதல் பெட்டியோடு நிறுத்திக் கேட்டீர்கள். மூன்று தொல்லைக்கும் தனித்தனிக் காரணம் உண்டு.

நீங்கள் கறுப்பு ஸ்க்ரூ என்று சொல்வது ட்ரைவால் ஸ்க்ரூ. ஜிப்சம் பலகையைச் சட்டத்தில் பிடிக்க வைப்பதற்காகச் செய்தது. கறுப்பாகத் தெரிவது பாஸ்பேட் பூச்சு. அதன் கழுத்தைப் பாருங்கள், எக்காளத்தின் வாய்போல் வளைந்து விரியும். ஜிப்சம் பலகையின் மேல்தாள் கிழியாமல் அழுத்திப் பிடிக்க அந்த வளைவு வேண்டும். மரத்தில் அதனால் பயனில்லை. உடல் மெலிசு. எஃகைக் கெட்டிப்படுத்தியிருப்பதால் அது வளையாது, ஒடியும். ஜிப்சத்தில் ஏறும்போது எதிர்ப்பே இல்லை, அதனால் அங்கே குறை தெரியாது. கடின மரத்தில் ஓட்டை இல்லாமல் ஏற்றினால் கழுத்தில் முறுக்கு ஏறி, தலை தனியாக வந்துவிடும். உங்களுக்கு நடந்தது அதுதான்.

இடைவெளி பற்றி. ஸ்க்ரூவின் மரை முதல் பலகையையும் கடித்துக்கொண்டு, இரண்டாவது பலகையையும் கடித்துக்கொண்டால் என்ன ஆகும்? இரண்டும் ஒரே வேகத்தில் மரையில் ஏறும். ஆரம்பத்தில் எவ்வளவு இடைவெளி இருந்ததோ அது அப்படியே பூட்டப்பட்டுவிடும். அதற்கு மேல் நீங்கள் திருகும் ஒவ்வொரு சுற்றும் தலையை மரத்துக்குள் புதைக்க மட்டுமே உதவும். முதல் பலகையில் ஸ்க்ரூ கடிக்காமல் சும்மா வழுக்கிப் போக வேண்டும், இரண்டாவதில் மட்டும்தான் கடிக்க வேண்டும். அப்போதுதான் தலை முதல் பலகையைப் பிடித்து இரண்டாவதை நோக்கி இழுக்கும்.

அதற்கு இரண்டு வழி. ஒன்று, முதல் பலகையில் மரை தொடாத அளவுக்குப் பெரிய ஓட்டை. 4 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 4.5 மி.மீ. ஓட்டை. இன்னொன்று, பாதி உடலுக்கு மட்டும் மரை உள்ள ஸ்க்ரூ. தலைக்குக் கீழே வழவழப்பாக ஒரு நீளம் விட்டிருப்பார்கள். 4 × 50 ஸ்க்ரூவில், அதாவது 4 மி.மீ. தடிமனும் 50 மி.மீ. நீளமும் உள்ளதில், பொதுவாக 30 மி.மீ. அளவுக்கு மரை, மேலே சுமார் 20 மி.மீ. வெறும் கழுத்து. உங்கள் 18 மி.மீ. பலகை முழுக்க அந்தக் கழுத்துக்குள் அடங்கிவிடும். நான் இரண்டையும் சேர்த்தே செய்வேன்.

இப்போது இருக்கிற பெட்டியை இப்படிச் சரிசெய்யலாம்: ஸ்க்ரூவை முழுதாகக் கழற்றி, பக்கப் பலகையில் உள்ள ஓட்டையை மட்டும் 4.5 ஆக்குங்கள். கிளாம்ப் போட்டு இரண்டையும் ஒட்ட இறுக்கிவிட்டு, புது ஸ்க்ரூவை ஏற்றுங்கள். தாள் இடைவெளி மறைந்துவிடும்.

சிராய்:

கறுப்பு ஸ்க்ரூவை இவ்வளவு ஒதுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. எத்தனையோ பெட்டிகளை அதை வைத்துத்தான் செய்திருக்கிறேன், ஒன்றும் கழன்று விழவில்லை. ப்ளைவுட்டிலும் மென்மரத்திலும் அதன் கூர்முனை உடனே கடிக்கும், மரை ஆழமானது, பிடிப்பு நன்றாகவே இருக்கும். கடின மரத்தில் போடக்கூடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லா இடத்திலும் தள்ளிவைப்பது அதிகம்.

மூலைமட்டம்:

சிராய் அண்ணா, உங்கள் பெட்டிகள் நிற்கின்றன என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஒன்று கேட்கிறேன்: மூட்டில் பசை போட்டீர்களா?

சிராய்:

போட்டேன், எப்போதும் போடுவேன்.

மூலைமட்டம்:

அப்படியென்றால் உங்கள் பெட்டியைத் தாங்குவது பசைதான். ப்ளைவுட் விளிம்பும் முகமும் நன்றாக அழுந்திக் காய்ந்துவிட்டால் ஸ்க்ரூவுக்கு அதிக வேலை இல்லை. பசை காயும்வரை கிளாம்ப் செய்யும் வேலையை அது செய்தது. அந்த அளவுக்குக் கறுப்பு ஸ்க்ரூ போதும், ஏற்றுக்கொள்கிறேன்.

ஆனால் புதுப்பலகையின் பெட்டியில் எல்லா இடமும் அப்படி இல்லை. தட்டு மெலமைன் முகத்தோடு இருக்கிறது, அந்த வழவழப்பில் வெள்ளைப் பசை பிடிக்கவே பிடிக்காது. சட்டம் கடின மரம். இழுப்பறை இழுக்க இழுக்க மூட்டு ஆடும். ஆடும் மூட்டில் ஒடியும் எஃகை நம்ப எனக்கு மனம் வரவில்லை.

சிராய்:

பசை பிடிக்காத இடம் என்றால் நீங்கள் சொல்வது சரிதான். அந்த இடத்தில் நானும் வேறு ஸ்க்ரூதான் போடுவேன். நான் நினைத்தது ப்ளைவுட்டோடு ப்ளைவுட் சேரும் மூட்டை.

மரத்தூள்:

விளிம்பு பிரிந்ததைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை.

ப்ளைவுட் என்பது மெல்லிய தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக, நார் ஓட்டம் குறுக்கும் நெடுக்குமாக வரும்படி ஒட்டியது. முகத்தில் ஸ்க்ரூ ஏற்றினால் அது எல்லாத் தகட்டையும் குத்திக்கொண்டு போகும், பிரிய வழியில்லை. விளிம்பில் ஏற்றும்போது இரண்டு தகடுகளுக்கு நடுவே ஆப்பு இறக்குவதுபோல் ஆகிறது. வயிறு தள்ளுவது அதனால்தான். ஸ்க்ரூவின் நடு உடலுக்கு உரிய இடத்தை நாம் முன்கூட்டியே துளைத்து எடுத்துவிட்டால், மரைக்கு மட்டும்தான் மரத்தை வெட்ட வேண்டியிருக்கும். ஆப்பு வேலை நின்றுவிடும்.

எந்த பிட் என்று அட்டவணை தேட வேண்டாம். ஸ்க்ரூவை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள், பிட்டை அதன் முன்னால் நேராக வையுங்கள். நடு உடல் முழுக்க மறைய வேண்டும், இரு பக்கமும் மரையின் பற்கள் மட்டும் தெரிய வேண்டும். அதுதான் உங்கள் பிட். 4 மி.மீ. ஸ்க்ரூவுக்கு ப்ளைவுட்டிலும் மென்மரத்திலும் 2.5 மி.மீ. வரும். கடின மரத்துக்கு 3 மி.மீ. எடுங்கள். ப்ளைவுட் விளிம்பில் எது என்பதை வெட்டி மீந்த துண்டில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள், ஏனென்றால் ப்ளைவுட் ப்ளைவுட்டுக்கு உள்மரம் மாறும்.

ஆழமும் முக்கியம். 50 மி.மீ. ஸ்க்ரூ 18 மி.மீ. பலகையைக் கடந்தால் 32 மி.மீ. உள்ளே போகும். ஓட்டையும் அந்த ஆழத்துக்கு வர வேண்டும். பாதி ஆழத்தில் விட்டுவிட்டால் மீதியில் ஸ்க்ரூ மறுபடி ஆப்பாகிறது. பிட்டில் ஒட்டுத்தாள் சுற்றி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். தாளின் நுனியை வால்போல் நீட்டி விட்டால், அது பலகையில் இருக்கும் தூளைப் பெருக்கத் தொடங்கும்போது ஆழம் வந்துவிட்டது என்று கண்ணுக்குத் தெரியும்.

இடம்: விளிம்பின் நடுவில், அதாவது 9 மி.மீ. கோட்டில். மூலையிலிருந்து 40, 50 மி.மீ. தள்ளி முதல் ஸ்க்ரூ. பிறகு 150 முதல் 200 மி.மீ.க்கு ஒன்று. 560 மி.மீ. ஆழமுள்ள பெட்டிக்கு ஒரு மூட்டில் நான்கு தாராளம். நிறையப் போட்டால் உறுதி கூடும் என்று நினைத்து நெருக்கி அடிக்காதீர்கள், விளிம்பு வீணாகும்.

நாலுகோடு:

தலையில் இருக்கும் குழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நிறையப் பேர் பிட் வழுக்குவதற்கு ஸ்க்ரூவைக் குறை சொல்கிறார்கள், பெரும்பாலும் தப்பு பிட்டில் இருக்கிறது.

பிளஸ் போலத் தெரிவதெல்லாம் ஒன்று இல்லை. பிலிப்ஸ் ஒரு வகை, போஸிட்ரைவ் இன்னொரு வகை. ஸ்க்ரூவின் தலையை உற்றுப் பாருங்கள். பெரிய பிளஸ் குறிக்கு நடுவே, 45 பாகை சாய்வில் மெல்லிய நாலு கோடு கீறியிருந்தால் அது போஸிட்ரைவ். அதற்குப் பிலிப்ஸுக்கான பி.எச். 2 பிட்டை மாட்டினால் உட்கார்ந்ததுபோல் இருக்கும், ஆனால் முழுப் பிடிப்பு இராது. முறுக்கு ஏறியதும் எகிறித் தலையைத் தின்றுவிடும். போஸிட்ரைவுக்கான பி.இஸட். 2 தான் மாட்ட வேண்டும். பிலிப்ஸின் சரிவான பக்கங்கள் முறுக்கு கூடும்போது பிட்டை வெளியே தள்ளிவிடும். போஸிட்ரைவில் அந்தச் சரிவு குறைவு.

நட்சத்திரக் குழி, அதாவது டார்க்ஸ், கிடைத்தால் அதையே எடுங்கள். பிட்டின் ஆறு இதழ்களும் நேராக இறங்கிப் பிடிக்கும், மேலே தள்ளாது, அழுத்திப் பிடிக்கத் தேவையும் இல்லை. 4 மி.மீ. ஸ்க்ரூவுக்குப் பெரும்பாலும் டி 20. பெட்டிக்குள் தலையை நுழைத்து, கை எட்டாத மூலையில் ஒற்றைக் கையால் முடுக்கும்போது அதன் அருமை தெரியும்.

தேய்ந்த பிட்டைத் தூர எறியுங்கள். ஒரு பிட்டை மிச்சப்படுத்தப் போய்ப் பத்து ஸ்க்ரூவின் தலை போய்விடும்.

புதுப்பலகை:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மாலை மீந்த துண்டுகளை வைத்துச் சோதித்துப் பார்த்தேன். அப்படியே எழுதுகிறேன்.

பாதி மரை உள்ள 4 × 50 எடுத்தேன். ஒரே ப்ளைவுட் துண்டின் விளிம்பில் மூன்று இடம். ஓட்டையே இல்லாமல் ஏற்றியது பாதியிலேயே வயிறு தள்ளியது, விரல் வைத்தால் மேடு தட்டுப்பட்டது. 2.5 ஓட்டையில் ஏறியது, ஆனால் கடைசிச் சுற்றுகளில் நகத்தால் தடவினால் உணரும் அளவுக்கு ஒரு சிறு மேடு. 3 மி.மீ. ஓட்டையில் எதுவும் இல்லை, விளிம்பு தட்டையாகவே இருந்தது. இழுத்துப் பிடுங்கவும் பார்த்தேன். ஸ்க்ரூவின் தலையைக் குறடால் பிடித்துத் தொங்காத குறையாக இழுத்தும் வரவில்லை. ஆகவே என் ப்ளைவுட் விளிம்புக்கு 3 மி.மீ.

முதல் பெட்டியைக் கழற்றி மூலைமட்டம் சொன்னபடி 4.5 ஓட்டை போட்டு ஏற்றினேன். பழைய இடைவெளியில் ஒரு தாள் துண்டைச் செருகி வைத்திருந்தேன். கடைசி இரண்டு சுற்றில் தாள் இறுகிப் பிடித்துக்கொண்டது, இழுத்தால் கிழிகிறது. இவ்வளவு எளிய விஷயம் என்று நினைக்கவே இல்லை.

இனி தட்டுகள். பார்ட்டிகிள் போர்டு விளிம்பில் இதே ஸ்க்ரூ ஏற்றலாமா?

கீல்:

பார்ட்டிகிள் போர்டு என்றால் நான் வருகிறேன், என் வேலை முழுக்க அதில்தான்.

ஒரு துண்டை வெட்டி விளிம்பைப் பாருங்கள். மேலும் கீழும் மென்தூள் நெருக்கமாக அமுங்கியிருக்கும், நடுவில் சில்லுகள் பெரிதாக, இடையிடையே வெற்றிடத்தோடு இருக்கும். விளிம்பில் ஸ்க்ரூ ஏறுவது அந்த நடுப் பகுதியில். அதனால் முகத்தில் கிடைக்கும் பிடிப்பு விளிம்பில் கிடைக்காது. 4 மி.மீ. ஸ்க்ரூ அங்கே ஏறும், முதல் நாள் இறுக்கமாகவும் இருக்கும். அலமாரியை ஒரு முறை நகர்த்தினால், தட்டில் கனமான பாத்திரம் ஏறினால், மரை பிடித்த சில்லுகள் பொடியாகி ஓட்டை வாய் அகன்றுவிடும்.

இதற்கென்றே கன்ஃபர்மாட் ஸ்க்ரூ இருக்கிறது. பார்க்க ஸ்க்ரூவும் போல்ட்டும் கலந்ததுபோல் இருக்கும். பொதுவாக வரும் அளவு 7 × 50. உடல் தடிமன், மரை அகலமாகவும் இடைவெளி விட்டும் இருக்கும், முனை மழுங்கல். நிறையச் சில்லுகளை ஒரே சமயத்தில் பிடிப்பதால் பிடிப்பு பரவலாகிறது. தலைக்குக் கீழ் உள்ள தடித்த வழவழப்பான கழுத்து முதல் பலகையின் ஓட்டையில் முளைபோல் கச்சிதமாக உட்காரும், அதனால் மூட்டு பக்கவாட்டில் நகராது.

ஓட்டை துல்லியமாக வேண்டும். விளிம்பில் 5 மி.மீ., பக்கப் பலகையில் 7 மி.மீ., மேலே தலைக்குக் குழி. மூன்றையும் ஒரே இறக்கில் போடும் படிக்கட்டு பிட் தனியாக விற்கிறது, அதை வாங்கிவிடுங்கள். பலகைகளைக் கிளாம்ப் செய்து, சேர்த்து வைத்தே துளையுங்கள். 18 மி.மீ. விளிம்பில் 7 மி.மீ. மரை போனால் இரு பக்கமும் 5.5 மி.மீ. தான் மீதி. 2 மி.மீ. தள்ளிப் போனாலும் மெலமைன் முகம் உப்பிவிடும். பக்கப் பலகையின் வெளிமுகத்தில் தட்டின் நடுக்கோட்டைப் பென்சிலால் இழுத்துவிட்டு அதில் மட்டும் துளையுங்கள். முனை மழுங்கலாக இருப்பதால் ஓட்டை இல்லாமல் அது ஏறவே ஏறாது, அதுவும் நல்லதுக்குத்தான்.

கடைசி முறுக்கைக் கையால் செய்யுங்கள். ட்ரில்லின் வேகத்தில் தலை உட்கார்ந்த பிறகும் கால் சுற்று அதிகம் போய்விடும். பார்ட்டிகிள் போர்டில் அந்தக் கால் சுற்றே போதும், உள்ளே செதுக்கிய மரை முழுக்க நொறுங்கி ஸ்க்ரூ சும்மா சுற்ற ஆரம்பிக்கும்.

இழைப்புளி:

எம்.டி.எஃப். (மர நாரை அமுக்கிச் செய்த பலகை) பற்றியும் ஒரு வரி சேர்த்துவிடுகிறேன், அடுத்து படிப்பவருக்கு உதவும். எம்.டி.எஃப். முகத்தில் ஸ்க்ரூ ஏற்றினால் ஓட்டையைச் சுற்றி எரிமலை வாய்போல் மேடு எழும்பும். இரண்டு பலகையும் ஒட்டாமல் நிற்க அந்த மேடே போதும். சேரும் முகத்தில் ஓட்டையின் வாயைக் கவுண்டர்சிங்க் பிட்டால் (கூம்புக் குழி போடும் பிட்) லேசாகச் சுரண்டிவிட்டால், எழும்பும் மேடு அந்தக் குழிக்குள் அடங்கிவிடும். விளிம்பில் ஓட்டை இல்லாமல் ஏற்றினால் நடுவோடு பிளக்கும், சந்தேகமே வேண்டாம்.

மரைவெட்டி:

இப்போதைய ஸ்க்ரூக்கள் பலவற்றில் முனையிலேயே ஒரு வெட்டுப் பள்ளம் இருக்கிறது. துளையிட்டுக்கொண்டே போகும், ஓட்டை போட வேண்டியதில்லை என்று பெட்டியின் மேலேயே எழுதியிருக்கிறார்கள். 60, 70 ஸ்க்ரூவுக்கு மூன்று மூன்று பிட் மாற்றிக்கொண்டிருப்பது நேரம்தானே? நான் அவற்றை வைத்து ஓட்டை இல்லாமல்தான் செய்கிறேன், மென்மரத்தில் பிளக்கவில்லை.

மரத்தூள்:

அந்தப் பள்ளம் உண்மையாகவே வேலை செய்யும். நார்களை ஒதுக்காமல் வெட்டிக்கொண்டு போகிறது, பிளவு குறையும். பலகையின் நடுவில், முகத்தில், மென்மரத்தில் என்றால் நானும் அப்படியே ஏற்றுவேன்.

ஆனால் ஓட்டை பிளவைத் தடுக்க மட்டும் போடுவதில்லை. ஸ்க்ரூ போகும் திசையை நிர்ணயிப்பது ஓட்டைதான். ப்ளைவுட் விளிம்பில் ஓட்டை இல்லாமல் இறங்கும் முனை ஒரு கெட்டித் தகட்டைத் தொட்டதும் மெதுவாக ஒதுங்கி மெத்தென்ற பக்கம் சாயும். நாம் மேலே நேராகப் பிடித்திருக்கிறோம் என்று நினைப்போம், 30 மி.மீ. தாண்டியதும் முனை பெட்டிக்குள் எட்டிப் பார்க்கும். அதைக் கழற்றிவிட்டு மறுபடி நேராக ஏற்றப் பார்த்தால் பழைய சாய்ந்த வழியிலேயே போகும். அந்த இடம் போனது போனதுதான்.

நேரத்தைப் பொறுத்தவரை, 4.5 பிட்டை ஒரு ட்ரில்லிலும் 3 பிட்டை இன்னொன்றிலும் மாட்டிக்கொண்டால் வேகமாகவே நடக்கும். இரண்டு ட்ரில் இல்லையென்றால் முதலில் எல்லாப் பக்கப் பலகையிலும் 4.5 ஓட்டைகளை ஒன்றாக முடித்துவிடுங்கள்.

மரைவெட்டி:

முனை எட்டிப் பார்த்த அனுபவம் எனக்கும் உண்டு. அதை என் கைத்தவறு என்று நினைத்திருந்தேன். விளிம்புக்கு இனிமேல் ஓட்டை போடுகிறேன்.

புதுப்பலகை:

முகப்புச் சட்டத்துக்கு என்ன செய்வது? முன்பக்கம் ஸ்க்ரூ தெரியக்கூடாது. முறிந்த மூன்றும் இன்னும் உள்ளே இருக்கின்றன. கதவுக் கீலுக்கும் முதுகுப் பலகைக்கும் உரிய ஸ்க்ரூ அளவும் சொல்லிவிட்டால் ஒரே தடவையில் வாங்கிவிடுவேன்.

இழைப்புளி:

சட்டத்தின் குறுக்குக் கட்டைகளைப் பின்பக்கமிருந்து சாய்வோட்டை போட்டுச் சேர்க்கலாம். 15 பாகை சாய்வில் படி பிட்டால் துளைக்கும் முறை. 18, 19 மி.மீ. கனத்துக்கு 32 மி.மீ. ஸ்க்ரூ. இரண்டு விஷயத்தில் கவனமாக இருங்கள். கடின மரத்துக்கு நெருங்கிய மரை, மென்மரத்துக்கும் ப்ளைவுட்டுக்கும் அகன்ற மரை. அப்புறம் தலை தட்டையாக, வாஷர் சேர்ந்ததுபோல் இருக்க வேண்டும். சாய்வோட்டையின் அடியில் ஒரு தட்டைப் படி இருக்கும், அதில் கூம்புத் தலை உட்கார்ந்தால் ஆப்பாகி மரத்தைப் பிளக்கும். கட்டையின் முனை நாரில் ஸ்க்ரூ பிடிப்பு குறைவு. இந்த முறையில் ஸ்க்ரூ குறுக்குக் கட்டையின் முனைவழியாக வெளியேறி நேர்க்கட்டையின் பக்க நாரைக் கடிக்கிறது என்பதால் அந்தக் கவலை இல்லை.

சேர்த்த சட்டத்தைப் பெட்டியின் ப்ளைவுட் விளிம்பில் பசை போட்டு, கிளாம்ப் வைத்து ஒட்டிவிட்டாலே போதும்.

ஸ்க்ரூவுக்கு மெழுகு தடவுங்கள். மெழுகுவத்தியில் மரையை ஒரு தடவை உரசினால் கடின மரத்தில் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும். சோப்பு வேண்டாம், அது ஈரத்தை இழுத்து வைத்துத் துரு ஏற்றும். பித்தளை ஸ்க்ரூ போட ஆசைப்பட்டால், அதே அளவு எஃகு ஸ்க்ரூவை முதலில் ஏற்றி மரை வெட்டிவிட்டுக் கழற்றி, பிறகு பித்தளையைக் கையால் ஏற்றுங்கள். பித்தளை மென்மையானது, முதல் ஏற்றத்திலேயே முறியும்.

முறிந்த மூன்றையும் பிடுங்கப் போராட வேண்டாம். தலை இருந்த இடம் சட்டத்துக்குப் பின்னால் மறையும் என்றால் அப்படியே விட்டுவிட்டு 25 மி.மீ. தள்ளிப் புது ஓட்டை போடுங்கள்.

கீல்:

கீலுக்கு 3.5 × 16. கதவு 18 மி.மீ. என்றால் 2 மி.மீ. மிச்சம் வைத்து உள்ளே நிற்கும். கீலின் கனத்தையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் இடம் கிடைக்கும். 20 மி.மீ. ஸ்க்ரூ எடுத்துவிட்டுப் போகட்டும் என்று ஏற்றிவிடாதீர்கள், கதவின் முன்முகத்தில் கொப்புளம்போல் எழும்பும். கதவில் பதியும் கீலின் கிண்ணத்துக்கு 35 மி.மீ. துளை. கீலின் தட்டு உட்காரும் ஓட்டைகள் 5 மி.மீ. ஆக ஏற்கெனவே வரிசையாகத் துளைத்திருந்தால், அங்கே 6.3 மி.மீ. தடிமனுள்ள குட்டையான யூரோ ஸ்க்ரூ போட வேண்டும்.

முதுகுப் பலகைக்கு 3.5 × 20 அல்லது 25, அகலத் தலை இருந்தால் நல்லது. மூலைவிட்டம் இரண்டையும் அளந்து சமமாக்கிவிட்டு முதுகைப் பூட்டுங்கள். பெட்டியைச் சாயாமல் நிறுத்துவது அந்த 6 மி.மீ. பலகைதான்.

பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழ் வரும் பெட்டிக்கு மட்டும் துருப்பிடிக்காத எஃகு. அது கெட்டிப்படுத்திய எஃகைவிட மென்மை, ஓட்டை போடாமல் ஏற்றினால் தலை தின்றுபோகும். மற்றப் பெட்டிகளுக்குத் துத்தநாகப் பூச்சு போதும். சட்டம் ஓக் மரமாக இருந்தால் அங்கேயும் துருப்பிடிக்காததுதான். ஓக்கில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் ஈரத்தோடு சேர்ந்து இரும்பைத் தொட்டால் கறுப்புக் கறை படரும்.

சுவரோரம்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் மேல்வரிசை அலமாரி மாட்டப் போகிறேன். இதே 4 × 50 போதுமா?

மூலைமட்டம்:

போதாது, அங்கே 4 மி.மீ. வேண்டாம். தட்டுமுட்டுச் சாமான் முழுக்க ஏற்றிய அலமாரி சுவரில் தொங்குவது அந்த நாலைந்து ஸ்க்ரூவை நம்பித்தான். 5 மி.மீ.க்குக் குறையாத தடிமன், அகலமான தட்டைத் தலை. பெட்டியின் முதுகில் மேலும் கீழும் 18 மி.மீ. கட்டை வைத்து அதன் வழியாக ஏற்றுங்கள். மெல்லிய முதுகுப் பலகையில் மட்டும் பிடிக்க வைக்காதீர்கள். கூம்புத் தலை அங்கே ஆப்பாகி நாளடைவில் பலகையைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். கறுப்பு ஸ்க்ரூ இந்த இடத்தில் கூடவே கூடாது, இதில் மட்டும் எனக்கு விட்டுக்கொடுக்கவே மனமில்லை. சுவரின் வகைக்கு ஏற்ற பிடிமானம் என்ன என்பது பெரிய பேச்சு, தனி இழை தொடங்குங்கள், அங்கே எழுதுகிறேன்.

சிராய்:

இதில் மூலைமட்டத்தோடு முழுக்க உடன்படுகிறேன். சுவரில் தொங்குவதற்குக் கறுப்பு ஸ்க்ரூ ஒருபோதும் போட்டதில்லை.

புதுப்பலகை:

மூன்றாவது பெட்டி நேற்று முடிந்தது. கீல் சொன்ன படிக்கட்டு பிட் வாங்கினேன், தட்டுகள் எல்லாம் கன்ஃபர்மாட். ஒன்று மட்டும் தவறிப்போனது: ஒரு கன்ஃபர்மாட்டை ட்ரில்லிலேயே கடைசிவரை ஏற்றிவிட்டேன், கட்டென்று ஒரு சத்தம், அதன்பிறகு சும்மா சுற்றுகிறது. என்ன செய்வது?

கீல்:

அதைக் கழற்றி, அந்த விளிம்பு ஓட்டையை 10 மி.மீ. ஆக்கி, கடின மர முளை ஒன்றைப் பசை தடவி அடித்து இறக்குங்கள். ஒரு நாள் காயட்டும். மட்டமாக அறுத்துவிட்டு முளையின் நடுவில் மறுபடி 5 மி.மீ. ஓட்டை போட்டு ஏற்றுங்கள். முளையின் நார் நீளவாக்கில் இருப்பதால் பிடிப்பு சுமாராகத்தான் இருக்கும், ஆனால் பொடிந்த சில்லுக்கு மேல். அடுத்துள்ள ஸ்க்ரூ நன்றாகப் பிடித்திருந்தால் 40 மி.மீ. தள்ளிப் புதிதாக ஒன்று போட்டுவிடுவது இன்னும் சுலபம். கீலின் சிறு ஸ்க்ரூ இப்படி வழுக்கினால் பல்குச்சி இரண்டைப் பசையோடு செருகி ஒடித்துவிட்டு ஏற்றலாம்.

கழற்றி மாட்டும்போது ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரூவை ஓட்டையில் வைத்ததும் முதலில் எதிர்ப்பக்கமாக, கழற்றும் பக்கமாக, மெல்லத் திருப்புங்கள். ஒரு இடத்தில் 'டிக்' என்று சின்னதாக இறங்கும். பழைய மரையின் வாய் அதுதான். அங்கிருந்து முன்பக்கம் திருகினால் அதே வழியில் ஏறும். இதைச் செய்யாமல் அழுத்தித் திருகினால் புது மரை வெட்டும், பார்ட்டிகிள் போர்டு அதை இரண்டாம் முறை தாங்காது.

புதுப்பலகை:

'டிக்' என்பதைக் கேட்டுவிட்டேன். விரலிலும் தெரிகிறது. 40 மி.மீ. தள்ளி ஒன்று போட்டேன், கையால் முடுக்கினேன், இறுகிவிட்டது.

கடைசியாக ஒன்று. மேல்பலகை கெட்டி மரம், நான்கு பெட்டியையும் மூடி ஒரே துண்டாக வருகிறது. 600 மி.மீ. அகலம், 27 மி.மீ. கனம். கீழிருந்து பெட்டியின் குறுக்குக் கட்டை வழியாக ஸ்க்ரூ ஏற்ற நினைக்கிறேன். கட்டை 18 மி.மீ., அதனால் 4 × 35 எடுத்திருக்கிறேன். 17 மி.மீ. உள்ளே போகும், மேலே 10 மி.மீ. மிஞ்சும். சரியா?

இழைப்புளி:

நீளம் சரி. ஆனால் எல்லா ஓட்டையையும் ஒரே மாதிரி போடாதீர்கள். கெட்டி மரம் நாருக்குக் குறுக்காக, அதாவது அந்த 600 மி.மீ. அகலத்தில், ஈரம் கூடும்போது விரியும், காயும்போது சுருங்கும். நீளவாக்கில் அவ்வளவு நகராது. முன்னும் பின்னும் இறுக்கிப் பூட்டிவிட்டால் நகர இடமில்லாமல் பலகை நடுவில் வெடிக்கும். முன்வரிசைக் கட்டையில் 4.5 வட்ட ஓட்டை. பின்வரிசைக் கட்டையில் முன்பின்னாக 10 மி.மீ. நீண்ட ஓட்டை, வட்டத் தலை ஸ்க்ரூ, கீழே ஒரு வாஷர். ஸ்க்ரூவை அந்த நீளோட்டையின் நடுவில் நிறுத்துங்கள். இறுக்கிவிட்டு அரைச் சுற்று தளர்த்துங்கள். பலகை பின்பக்கமாக நகர்ந்துகொள்ளும், முன்விளிம்பு கதவோடு சேர்ந்தே நிற்கும்.

புதுப்பலகை:

பின்கட்டைகளைக் கழற்றி எடுத்து வைத்துவிட்டேன், நீளோட்டை போட்டு நாளை மாட்டுகிறேன்.